சிங்கப்பூரில் பொது விடுமுறைச் சம்பளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது விடுமுறைப் பணம் மொத்தமாகக் காணாமல் போவதில்லை. ஒரு தீபாவளிக்கு முப்பது வெள்ளி, ஒரு மே தினத்துக்கு முப்பது வெள்ளி என்று சில்லறையாகத்தான் போகும். மாதச் சம்பளத்தில் ஓடி (ஓவர்டைம், அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) கணக்கோடு கலந்து வருவதால் குறைந்தது கண்ணில் படுவதும் இல்லை. அந்தக் கணக்கை ஊழியரே தாளில் போட்டுச் சரிபார்க்க உதவுவதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வருபவர்களுக்கானவை இவை. தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில்.

வருடத்துக்கு எத்தனை பொது விடுமுறை?

11 நாள். ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு 2 நாள், நோன்புப் பெருநாள், புனித வெள்ளி, மே தினம், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி, கிறிஸ்துமஸ்.

தைப்பூசம் இந்தப் பட்டியலில் இல்லை. 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது அது எடுக்கப்பட்டது. காவடி எடுப்பவர்கள் அன்றைக்கு ஆண்டு விடுப்பில் ஒரு நாள் போட வேண்டும். பொங்கலுக்கும் அப்படியே.

தேர்தல் வாக்களிப்பு நாளும் பொது விடுமுறைதான். 2025 பொதுத் தேர்தல் நடந்த மே 3 சனிக்கிழமை அப்படி வந்தது. வாக்குரிமை இல்லாத வெளிநாட்டு ஊழியருக்கும் அந்த விடுமுறை உண்டு. "உனக்கு ஓட்டு இல்லையே, உனக்கு எதுக்கு லீவு" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கும் இது பொருந்துமா? வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால்?

இரண்டுக்கும் ஆம். குடியுரிமை, பெர்மிட் வகை, தகுதிகாண் காலம் எதுவும் குறுக்கே வராது. ஆண்டு விடுப்புக்கு 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பொது விடுமுறைக்கு அப்படி எந்தக் காத்திருப்பும் கிடையாது. திங்கட்கிழமை சேர்ந்து புதன்கிழமை தீபாவளி வந்தாலும் அது சம்பளத்தோடு கூடிய விடுமுறை. தினக்கூலிக்காரருக்கும் வீட்டில் இருந்த அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் போட வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள் ஆகியோர் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள். பணிப்பெண்கள் பற்றிப் பின்னால் தனியாக இருக்கிறது.

பொது விடுமுறையன்று வேலை செய்தால் எவ்வளவு கிடைக்க வேண்டும்?

மாதச் சம்பளக்காரருக்கு, வழக்கமான மாதச் சம்பளம் முழுதாக வரும். அதற்கு மேல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாக வர வேண்டும். இந்தக் 'கூடுதல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "மாதச் சம்பளத்திலேயே அந்த நாளும் சேர்ந்திருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். சேர்ந்திருப்பது வேலை செய்யாமலே வர வேண்டிய விடுமுறைச் சம்பளம். அன்று உழைத்ததற்கான கூலி அதில் இல்லை, அது தனி.

ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கண்டுபிடிக்கும் வழி இது: மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, அதை 52 × வாரத்தில் வேலை செய்யும் நாட்கள் என்ற எண்ணால் வகுக்க வேண்டும்.

அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி, வாரம் 6 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம்.
12 × 800 = 9,600
52 × 6 = 312
9,600 ÷ 312 = 30.77 வெள்ளி

அதே 800 வெள்ளிக்கு வாரம் 5 நாள்தான் வேலை என்றால் 9,600 ÷ 260 = 36.92. ஆகவே பக்கத்து அறை நண்பருக்கு வந்த தொகையை வைத்து உங்கள் கணக்கைப் பார்க்காதீர்கள். மாதச் சம்பளத்தை 30ஆல் வகுப்பதும் தப்பு. 800 ÷ 30 = 26.67 என்று வரும், அதில் ஒவ்வொரு விடுமுறைக்கும் 4 வெள்ளிக்கு மேல் போய்விடும்.

அன்றைக்கு வழக்கமான நேரத்தைத் தாண்டி வேலை நீடித்தால், தாண்டிய மணிகளுக்கு ஒன்றரை மடங்கு ஓடி. மணிக்கான அடிப்படை விகிதம்: 9,600 ÷ (52 × 44) = 4.20. இதில் 44 என்பது வாரத்து வேலை மணி. ஒன்றரை மடங்கு 6.29. 8 மணி வேலையோடு 2 மணி கூடுதலாகச் செய்தவருக்கு 30.77 + 12.59 = 43.36 வெள்ளி வர வேண்டும். இந்த ஓடி விதி, உடலுழைப்பு வேலையில் 4,500 வெள்ளி வரையும் மற்ற வேலைகளில் 2,600 வெள்ளி வரையும் அடிப்படைச் சம்பளம் வாங்குவோருக்கு.

தினக்கூலிக்காரருக்குக் கணக்கு எளிது. விடுமுறைக்கு ஒரு நாள் சம்பளம், உழைத்ததற்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், ஆக இரண்டு.

'அடிப்படை', 'மொத்தம்' என்று இரண்டு சொல்கிறார்களே, எதில் எது சேரும்?

அடிப்படைச் சம்பளம் என்பது ஒப்பந்தத்தில் பேசிய வெறும் சம்பளம். படிகள் எதுவும் அதில் வராது. மொத்தச் சம்பளம் என்பது அதோடு திறன் படி போன்ற நிலையான படிகளும் சேர்ந்தது. ஆனால் ஓடி, போனஸ், 13ஆம் மாதச் சம்பளம், செலவுக்குத் திருப்பித் தரும் பணம், சாப்பாட்டுப் படி, பயணப் படி, தங்குமிடப் படி ஆகியவை மொத்தச் சம்பளக் கணக்கிலும் சேராது.

வீட்டில் இருந்த விடுமுறைக்கான சம்பளம் மொத்த விகிதத்தில் போடப்படும். வேலை செய்த விடுமுறைக்கான கூடுதல் நாள் அடிப்படை விகிதத்தில்.

இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டி எழுதினால் கையில் வரும் மாதத் தொகை மாறாது. விடுமுறை, ஓய்வு நாள், ஓடி மூன்றும் குறைந்துவிடும். 1,000 வெள்ளி முழுக்க அடிப்படையாக இருந்தால் விடுமுறையன்று உழைத்ததற்கு 38.46 வரும். அதையே 600 அடிப்படை, 400 படி என்று பிரித்தால் 23.08தான்.

வொர்க் பெர்மிட்டுக்காரர்கள் கையில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன் வந்த ஐபிஏ கடிதம், அதாவது வொர்க் பெர்மிட்டுக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். அதில் மாத அடிப்படைச் சம்பளம் ஒரு வரியிலும் நிலையான படிகள் இன்னொரு வரியிலும் தனித்தனியாக இருக்கும். அங்கே 800 என்றும் சம்பளச் சீட்டில் 600 என்றும் இருந்தால், உங்கள் எழுத்துபூர்வ சம்மதமும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்ததும் இல்லாமல் அந்தக் குறைப்பு செல்லாது. ஐபிஏ கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். போனில் ஒரு படம், ஊரில் வீட்டாருக்கு ஒரு நகல், இரண்டும் இருக்கட்டும்.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால்?

உங்கள் ஓய்வு நாளில் பொது விடுமுறை விழுந்தால், அடுத்த வேலை நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. 2026இல் இது மூன்று முறை நடக்கிறது. விசாக தினம் மே 31, தேசிய தினம் ஆகஸ்ட் 9, தீபாவளி நவம்பர் 8, மூன்றுமே ஞாயிறு. ஞாயிறு ஓய்வு உள்ளவர்களுக்கு ஜூன் 1, ஆகஸ்ட் 10, நவம்பர் 9 திங்கட்கிழமைகள் விடுமுறை.

அந்த இரண்டு நாளும் வேலைக்குக் கூப்பிட்டால் கணக்கு வேறு வேறு. ஞாயிறு ஓய்வு நாள் விகிதத்தில் போகும்: முதலாளி கேட்டு, வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தால் 2 நாள் சம்பளம், பாதி வரை என்றால் 1 நாள். நீங்களே கேட்டு வந்தால் இவை 1 நாள், அரை நாள் என்று குறையும். திங்கள் பொது விடுமுறை விகிதத்தில் போகும்: கூடுதலாக 1 நாள். மேலே சொன்ன 800 வெள்ளிக்காரர் முதலாளி கேட்டு இரண்டு நாளும் முழுநேரம் வந்தால் 61.54 + 30.77 = 92.31 வெள்ளி மாதச் சம்பளத்துக்கு மேல் வர வேண்டும். இரண்டையும் ஒரே விகிதத்தில் போட்டு 61.54 மட்டும் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சில நேரம் கணக்கரே தெரியாமல் செய்வதுதான், கேட்டால் திருத்திவிடுவார்கள்.

'யார் கேட்டது' என்பதால் தொகை பாதியாகிறது என்பதைக் கவனியுங்கள். ஓய்வு நாளில் வரச் சொல்லும் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம்.

கடை, உணவகம், கிளீனிங் வேலையில் பலருக்கு ஓய்வு நாள் புதனாகவோ வியாழனாகவோ இருக்கும். அவர்களுக்கு ஞாயிறு தீபாவளியே பொது விடுமுறை. மறுநாள் திங்கள் சாதாரண வேலை நாள்.

எனக்கு வாரம் 5 நாள் வேலை. சனிக்கிழமை விடுமுறை வந்தால் போனது போனதுதானா?

இல்லை. சனி உங்களுக்கு வேலையில்லாத நாள், ஓய்வு நாள் அல்ல. சட்டத்தில் இவை இரண்டும் வேறு. அதனால் திங்கட்கிழமை தானாக விடுமுறை ஆகாது. முதலாளி வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். 2026 நோன்புப் பெருநாள் மார்ச் 21 சனிக்கிழமை இதற்கு நேரடி எடுத்துக்காட்டு. அலுவலக ஊழியர்கள் பலர் கேட்காமலே விட்டுவிடும் விடுமுறை இதுதான்.

விடுமுறைக்கு முந்தைய நாள் வேலைக்குப் போகவில்லை. விடுமுறைச் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

சொல்லாமல் கொள்ளாமல், தகுந்த காரணமும் இல்லாமல் நின்றிருந்தால் பிடிக்கலாம். விடுமுறைக்கு நேர் முந்தைய வேலை நாள், நேர் பிந்தைய வேலை நாள் இரண்டுக்கும் இது பொருந்தும்.

அனுமதியோடு எடுத்த விடுப்பு என்றால் பிடிக்கக் கூடாது. எம்சி (மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் விடுப்பு), ஆண்டு விடுப்பு, முதலாளி ஒப்புக்கொண்ட சம்பளமில்லா விடுப்பு எல்லாம் அனுமதி பெற்றவைதான். தீபாவளிக்கு முந்தின நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு, எம்சியை இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதில்தான் சிக்கல் வருகிறது. மருத்துவரைப் பார்த்த அன்றே எம்சியைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போயிருக்கும்போது விடுமுறை வந்தால்?

அந்த நாள் விடுப்புக் கணக்கில் கழியாது. முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் கூடி 8ஆம் வருடத்தில் 14 நாள் என்பதே சட்டப்படியான குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு. இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு நாளும் பெரிதுதான். 2026 தீபாவளிக்கு நவம்பர் 5 வியாழன் முதல் 14 சனி வரை ஊரில் இருக்க நினைப்பவர், ஞாயிறு ஓய்வோடு வாரம் 6 நாள் வேலை செய்பவராக இருந்தால், நவம்பர் 8ஆம் தேதி ஓய்வு நாள், 9ஆம் தேதி பொது விடுமுறை. மீதி 8 நாள்தான் விடுப்பிலிருந்து கழிய வேண்டும். திரும்பி வந்ததும் விடுப்பு இருப்பில் 9 குறைந்திருந்தால் கேளுங்கள்.

வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ள வேண்டுமா?

இருதரப்பும் சம்மதித்தால் பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றலாம். அப்போது அந்த வேறு நாளே உங்கள் பொது விடுமுறை, அசல் நாளில் உழைத்ததற்குக் கூடுதல் சம்பளம் வராது. சீனப் புத்தாண்டில் உழைத்துவிட்டு அதைத் தீபாவளியோடு சேர்த்துக்கொள்வது பலருக்கு நல்ல பேரம்தான். ஆனால் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். "அப்புறம் பார்த்துத் தருகிறேன்" என்று வாய்ப்பேச்சில் விட்ட நாள் வருடக் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது.

நான் எக்சிகியூட்டிவ். எனக்குக் கூடுதல் சம்பளம் உண்டா?

மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர்களும், மேலே சொன்ன சம்பள வரம்பைத் தாண்டியவர்களும் விடுமுறையன்று உழைத்தால், பணத்துக்குப் பதில் நேரமாகவும் ஈடு தரலாம். எவ்வளவு நேரம் என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம். முடிவு எட்டாவிட்டால், முதலாளி ஒரு நாள் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும், அல்லது 4 மணி வரை உழைத்ததற்கு 4 மணி நேரமும் அதற்கு மேல் என்றால் ஒரு முழு நாளும் ஓய்வு தர வேண்டும். ஒன்றும் தராமல் விடும் வழி கிடையாது.

பகுதிநேர ஊழியருக்கு?

வாரம் 35 மணிக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு அவர் வேலை நேரத்தின் விகிதப்படி விடுமுறைச் சம்பளம் உண்டு.

வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பொது விடுமுறை உண்டா?

சட்டப்படி கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. வாரம் ஒரு ஓய்வு நாள் கட்டாயம். ஓய்வு நாளில் வேலை செய்யப் பணிப்பெண் சம்மதித்தால், ஒரு நாள் சம்பளமாவது தர வேண்டும் அல்லது அதே மாதத்தில் மாற்று ஓய்வு நாள் தர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டவே முடியாது. அந்த ஒரு நாள் அவர் வெளியே போய்வர, தூங்க, கோயிலுக்குப் போக என்று அவருக்கே விட்டுவிட வேண்டிய நாள். அதைப் பறிப்பது எந்த வகையிலும் நியாயம் அல்ல.

சம்பளச் சீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். சம்பளத்தோடு சேர்த்துத் தராவிட்டால் 3 வேலை நாளுக்குள் தர வேண்டும். விடுமுறை வந்த மாதத்துச் சீட்டை எடுத்து மூன்று இடத்தில் விரல் வையுங்கள்.

முதலில் அடிப்படைச் சம்பள வரி. ஐபிஏ கடிதத்திலுள்ள தொகைதானா? அடுத்து கூடுதல் தொகைகள். பொது விடுமுறைக்கென்று தனி வரி இருக்கிறதா, இல்லை எல்லாம் 'ஓடி' என்ற ஒரே வரிக்குள் போய்விட்டதா? ஒரே வரியில் போயிருந்தால் ஓடி மணிகளை எண்ணுங்கள். நீங்கள் குறித்துவைத்த ஓடி மணி 20, சீட்டிலும் 20 மணிக்கான 125.87தான் இருக்கிறது என்றால், தீபாவளிக்கான 30.77 அதற்குள் இல்லை. மூன்றாவது, பிடித்தங்கள். விடுமுறை வந்த வாரத்தில் 'வராத நாள்' என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா?

இதற்கெல்லாம் உங்களிடம் சொந்தக் கணக்கு இருக்க வேண்டும். சின்ன நோட்டு ஒன்று போதும். தேதி, உள்ளே போன மணி, வெளியே வந்த மணி, வேலையிடத்தின் பெயர். டைம் கார்டு இருந்தால் மாதக் கடைசியில் படம் எடுத்துவையுங்கள், கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

விடுமுறைக் கூடுதல் சம்பளம், அந்தச் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும். ஓடிக்கு 14 நாள். அதனால் இரண்டும் வேறு வேறு தேதியில் வருவதில் தவறில்லை.

பணம் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் நிறுவனத்தில் எழுத்தில் கேளுங்கள். நீளமாக வேண்டாம். "நவம்பர் 9 பொது விடுமுறையன்று காலை 8 முதல் மாலை 5 வரை வேலை செய்தேன். கூடுதல் ஒரு நாள் சம்பளம் 30.77 வெள்ளி நவம்பர் சீட்டில் இல்லை. சரிபார்த்துத் தரவும்." வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், தேதியோடு பதிவாகிவிடும்.

அதற்கும் நடக்கவில்லை என்றால் டிஏடிஎம் என்னும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாக அமைப்பில் கோரிக்கை பதியலாம். இணையத்தில் சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னடையாளக் கணக்கு மூலம் உள்ளே போகலாம். ஐபிஏ, ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், நேரக் குறிப்பு, வங்கிக் கணக்கு விவரம் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சமரசப் பேச்சு. அதில் முடியாவிட்டால் வழக்கு வேலை நியமனக் கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கறிஞர் கிடையாது, முதலாளிக்கும் கிடையாது. கோரும் தொகை 20,000 வெள்ளி வரை, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000 வரை.

காலக்கெடுதான் பலரைக் கவிழ்க்கிறது. வேலையில் இருப்பவர், பணம் வர வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் கோர வேண்டும். வேலையை விட்டவர் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வர வேண்டும். இரண்டு வருடமாக விடுமுறைப் பணம் வராத ஒருவர் இன்று போனால் கடந்த ஒரு வருடத்துக்கு மட்டுமே கேட்க முடியும். 800 வெள்ளி அடிப்படையில், 11 நாளும் உழைத்தவருக்கு ஒரு வருடத்துக்கு 338.46 வெள்ளி. பழைய வருடத்துக்கு அதே தொகை கைவிட்டுப் போய்விடும்.

கேட்டால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களே?

இந்தப் பயம் உண்மையானது, தங்கும் விடுதிகளில் தினமும் கேட்கும் பேச்சு. பெர்மிட்டை ரத்து செய்ய முதலாளியால் முடியும். ஆனால் ரத்து செய்தாலும் கொடுக்க வேண்டிய சம்பளம் ரத்தாகாது. சம்பளம் கொடுக்காதது குற்றம். முதல் முறைக்கே 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

விமானச் சீட்டைக் கையில் கொடுத்து அவசரப்படுத்தும்போது, 'எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் பணம் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே டிஏடிஎம்மையோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ போய்ப் பாருங்கள். விமான நிலையத்துக்கு ஆள் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் வலுக்கட்டாயமாக விமானத்தில் ஏற்றப் பார்த்தால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் "சம்பள பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று அங்கேயே சொல்லுங்கள்.